கழற்றிக்கொண்டு போன தந்திக்கட்டை

விருதுநகர்,
17-1-1961

மச்சானுக்கு சுலைகா சலாம் சொல்லி எழுதுவது.

இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இவ்விடம் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

நீங்கள் ஜீப்பில் ஏறிப்போன மறுநாள் காலையில் ரேடியோ அறையைக் கூட்டப் போனேன். மேசைமேல் கேட்கிற பெட்டி இருக்கிறது. அனுப்புகிற பெட்டியும் இருக்கிறது. முன்னால் இருந்த தந்திக்கட்டையைத்தான் காணோம். அது இருந்த இடத்தில் இரண்டு வயர்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. திருடன் வந்துவிட்டானோ என்று பதறிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது, திருடன் வாசல் வழியாக, நான் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறான் என்று.

நாலு வருஷமாக நீங்கள் அந்தக் கட்டையைத் தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறேன். உங்கள் புள்ளியும் கோடும் எனக்கு மனப்பாடம். நானும் மெட்ராசில் ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்குப் போகிறேன், விண்ணப்பத்தில் ஏற்கனவே லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், போடுங்கள் என்று கேட்டேன். கட்ச் போய்விட்டு வந்து பார்ப்போம் என்றீர்கள். பார்ப்போம் என்றால் பார்ப்பதில்லை என்று அர்த்தம், இது நம் வீட்டுப் பூனைக்கும் தெரியும். மார்ச் முப்பத்தொன்றுதான் கடைசி நாள். விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன்.

விருதுநகரிலிருந்து கட்ச் உப்புப் பாலைவனம் வரை ஜீப்பில் போய், நீங்களே கட்டிய ரேடியோவில் தினமும் மாலை ஆறு மணிக்கு யாரோடாவது பேசிக்காட்டுவேன் என்று கிளம்பியிருக்கிறீர்கள். நல்லது. வண்டி ஓட்டிக்கொண்டு கூட வருகிற சங்கிலிமுத்து அண்ணனுக்காவது தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை இருக்கிறது. உங்களுக்கு இது ஆசை மட்டும்தான். ஆசைக்காக ஆயிரம் மைல் போகிறவருக்கு, ஆசைக்காக மெட்ராஸ் வரை போகிறேன் என்கிறவள் ஏன் புரியவில்லை?

மாமி துஆச் சொல்லச் சொன்னார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார்கள்.

சுலைகா


பூனா,
24-1-1961

சுலைகாவுக்கு,

உன் கடிதம் எனக்கு முன்னால் பூனா தபாலாபீசுக்கு வந்து காத்திருந்தது. உன்னைப் போலவே.

முதலில் ஜீப். யுத்தத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்த வண்டி என்று ஆமத்தூரில் சிரித்தார்கள் இல்லையா? பெல்காமுக்கு வடக்கே ஓர் ஆற்றில் பாலம் வேலை நடக்கிறது. லாரிகள் எல்லாம் வரிசையாக நிற்க, சங்கிலிமுத்து ஜீப்பை ஆற்றுக்குள் இறக்கினான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கம்பியைப் போட்டான். தண்ணீர் சீட்டு வரைக்கும் வந்தது. ரேடியோவை மடியில் பிள்ளை மாதிரி தூக்கி வைத்துக்கொண்டேன். அக்கரை ஏறியதும் லாரிக்காரர்கள் விசிலடித்தார்கள். பட்டாளத்தில் வண்டி ஓட்டியவன் கையே தனி.

ஆனால் அவனிடம் ஒரு தொல்லை. தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன்னால் என் சட்டைப் பை, கால்சட்டைப் பை, மணிபர்ஸ் வரைக்கும் தடவிப் பார்க்கிறான். பின்சீட்டுக்கு அடியில் கடைக்காரர்களுக்குக் காட்டுகிற பட்டாசு மாதிரிப் பெட்டி இருக்கிறது அல்லவா, அதனால் தாயில்பட்டிக் கம்பெனி வாசலில் என்ன சட்டமோ அதே சட்டம்தான் ஜீப்புக்கும். "ஏலே தாகிரு, தீப்பெட்டி வச்சிருக்கவன் பின்னால நடந்து வரட்டும்" என்கிறான். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்புகிற சீமைக்காரர்கள் இரண்டு பேர், டீக்கடை டீக்கடையாகப் பீடிக்கு நெருப்புக் கேட்டு நிற்கிறோம்.

கட்டையைக் கழற்றியது உண்மைதான். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்யவில்லை. லைசென்ஸ் இல்லாத கை ஒரு தடவை தவறிப் பட்டாலும் என் லைசென்ஸ் போய்விடும். அதை வாங்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று, டில்லிக்கு எத்தனை மனு போட்டேன் என்று உனக்குத் தெரியும். பரீட்சையும் நீ நினைக்கிற மாதிரி இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டு காதில் விழுந்ததெல்லாம் படிப்பாகாது. விண்ணப்பம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த கடிதத்தை அகமதாபாத்துக்குப் போடு.

செய்யது அபுதாஹிர்


விருதுநகர்,
29-1-1961

மச்சானுக்கு,

வெங்காயம் உரித்த காதில் விழுந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

இருபத்தாறாம் தேதி மாலை ஆறு பத்துக்கு பம்பாய்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டீர்கள். அவர் வரவில்லை. எட்டுத் தடவை கூப்பிட்டீர்கள். பிறகு பெங்களூர்க்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். அவரிடம் பூனாவுக்கு வடக்கே மலைப்பாதையில் நிற்பதாகவும், குளிர் அதிகம் என்றும், கூட வந்தவர் ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்குவதாகவும் அனுப்பினீர்கள். 'குளிர்' என்ற வார்த்தையில் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, தப்பு என்று எட்டுப் புள்ளி தட்டி, மறுபடி அனுப்பினீர்கள். அவசரம் வந்தால் உங்கள் கோடு குட்டையாகிவிடுகிறது. கவனித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து பம்பாய்க்காரருக்குக் கேட்காதது எழுநூறு மைலுக்கு இப்பால் எனக்கு எப்படிக் கேட்டது என்று யோசிக்க வேண்டாம். அலை மேலே போய் வானத்தில் முட்டித் தூரத்தில் விழும், கிட்டத்தில் இருக்கிறவனைத் தாண்டிப்போய்விடும் என்று நீங்கள்தான் கல்யாணமான புதிதில் சொன்னீர்கள். மற்ற மாப்பிள்ளைகள் என்னென்னவோ பேசுகிற நாட்களில் நீங்கள் அதைத்தான் பேசினீர்கள். நானும் கேட்டேன்.

சங்கிலிமுத்து அண்ணன் சம்சாரம் பாலம்மாள் மதினி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, "எங்க வீட்டுக்காரவுக எங்கன இருக்காக, உங்க பொட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு என் காதின்மேல் நம்பிக்கை இருக்கிறது. கட்டிய புருஷனுக்குத்தான் இல்லை.

சுலைகா


அகமதாபாத்,
4-2-1961

சுலைகாவுக்கு,

நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. குளிர் உட்பட. சங்கிலிமுத்துவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்பது வேறு, அனுப்புவது வேறு. கேட்கிறவள் தப்புச் செய்தால் அவளுக்கு மட்டும் தப்பு. அனுப்புகிறவன் தப்புச் செய்தால் ஊருக்கெல்லாம் கேட்கும். ஊருக்கு வந்த பிறகு பேசுவோம்.

நாளை மறுநாள் கரகோடா என்ற உப்பு ரயில் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ஏழாம் தேதி பாலைவனத்துக்குள் இறங்குகிறோம். மழைக்காலத்தில் கடலாக இருக்குமாம், இப்போது காய்ந்து தட்டு மாதிரி கிடக்கிறதாம். ரோடே தேவையில்லை, எந்தப் பக்கமும் ஓட்டலாம். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். நோன்பு பிடிக்கும் முன்னால் வீடு வந்துவிடுவேன் என்று உம்மாவிடம் சொல்.

செய்யது அபுதாஹிர்


கரகோடா,
10-2-1961

சுலைகா,

உயிரோடு இருக்கிறேன். அது உனக்குத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் உன் பேர் போட்ட தந்தியைக் காட்டினார். உனக்குத் தெரியாததும் எவ்வளவோ இருக்கிறது, அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏழாம் தேதி காலை பத்து மணிக்குள் பதினெட்டு மைல் ஓடிவிட்டோம். வெள்ளைத் தரை, மரம் மட்டை எதுவும் கிடையாது. சங்கிலிமுத்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினான். அடுத்த நிமிஷம் தரை உடைந்தது. மேலேதான் உப்புப் பொருக்கு, அடியில் பூராவும் கருஞ்சேறு. ஜீப் அச்சு வரை இறங்கி உட்கார்ந்துவிட்டது. சாக்கைப் போட்டோம், பலகையைப் போட்டோம், என் படுக்கையைப் போட்டோம். எல்லாவற்றையும் சேறு தின்றது. தள்ளும்போது சங்கிலிமுத்துவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மறுநாள் மத்தியானம் பெட்ரோலும் தீர்ந்தது. இன்ஜின் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊட்டம் கிடையாது. இருக்கிறதுதான் இருப்பு. தண்ணீர் அரைக் குடம்.

முதல் நாள் ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். பதிலில்லை. இரண்டாம் நாள் மறுபடி உட்கார்ந்தேன். கரகோடாவுக்கு மேற்கே பதினெட்டு மைல், சேற்றில் இருக்கிறோம், ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்ப அனுப்பினேன். அகமதாபாத்தில் மூன்று பேர் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் எட்டவில்லை. பேட்டரி இறங்க இறங்க எனக்குப் பயம் வந்துவிட்டது, சுலைகா. பேட்டரி சாகும் வரை தட்டுவது என்றுதான் இருந்தேன்.

அப்போது கேட்டது. புள்ளி, கோடு, புள்ளி. 'கிடைத்தது' என்பதற்கு எங்கள் வழக்கத்தில் அந்த ஒரே எழுத்துத்தான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பேர் இல்லை, ஊர் இல்லை. தட்டிய கையும் விசித்திரமாக இருந்தது. நடுக்கோடு இழுத்துக்கொண்டே போயிற்று. நான் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டேன்.

அந்த மூன்று தட்டு இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதம் கிடையாது. ஏன் என்று கேள். ஒன்பதாம் தேதி பொழுது சாய்கிற நேரம், ரொம்பத் தூரத்தில் ஒட்டகத்தில் ஆட்கள் போவது தெரிந்தது. எங்களைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வேறு திசையில் போகிறார்கள். கத்தினால் கேட்காது. சங்கிலிமுத்து நொண்டிக்கொண்டே போய் மாதிரிப் பெட்டியைத் திறந்தான். உயரமாகப் போகிற வாணம் பன்னிரண்டு இருந்தது. ஒன்றை உப்பில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

எங்கள் இரண்டு பேரிடமும் ஒரு தீக்குச்சி இல்லை.

இருபத்தைந்து நாளாக என் பையைத் தடவினவன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். "எம்புட்டு வாணம் இருந்து என்னலே, கொளுத்த ஒரு குச்சி இல்லாத சிவகாசிக்காரன் நானாத்தான் இருப்பேன்" என்றான். அழுதானா சிரித்தானா தெரியவில்லை. அப்போதுதான் பேட்டரி ஞாபகம் வந்தது. வயரிலிருந்து மயிரிழைக் கம்பி ஒன்றை உருவித் திரியில் சுற்றி, இரண்டு முனையையும் பேட்டரியில் தொட்டேன். கம்பி சிவந்தது. திரி பிடித்தது. வாணம் போன உயரத்தைக் கட்சில் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏழாவது வாணத்துக்கு மேல் பேட்டரி செத்தது. ஏழே போதுமாக இருந்தது, ஒட்டகங்கள் திரும்பின.

முந்தின நாள் நான் நிறுத்தாமல் தட்டியிருந்தால் பேட்டரி அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

அந்த மூன்று தட்டுத் தட்டிய ஆள் யார்? மெட்ராசில் லைசென்ஸ் வைத்திருக்கிற சீனிவாசகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்தான் கேட்டு உனக்குச் சொல்லி அனுப்பியிருப்பார். உடனே பூனாவுக்கு எழுது. அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும்.

தாஹிர்


விருதுநகர்,
16-2-1961

மச்சானுக்கு,

மெட்ராஸ் சீனிவாசகத்தின் கைக்கு முத்தம் கொடுக்க வேண்டாம். அவர் திகைத்துப்போவார்.

ஏழாம் தேதி பக்கத்து எண்ணெய் மில் மோட்டாரின் இரைச்சல் பெட்டியில் விழுந்து ஒன்றும் கேட்கவில்லை. எட்டாம் தேதி மில்லுக்கு லீவு. ஆறே காலுக்கு உங்கள் கை கேட்டது. முதல் நாலு எழுத்திலேயே உங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன், கோடெல்லாம் குட்டையாக இருந்தது. இடத்தை எழுதிக்கொண்டேன். உடனே தந்தியாபீசுக்கு ஓடத்தான் எழுந்தேன். ஆனால் நீங்கள் நிறுத்தவில்லை. யாராவது கேட்கிறீர்களா, யாராவது கேட்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியவில்லை.

கட்டை இல்லை. மீதி எல்லாம் அப்படியே இருந்தது. அனுப்புகிற பெட்டியைப் போட்டேன், வால்வு சூடாகும் வரை நின்றேன். துப்பட்டியை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, நீங்கள் விட்டுப்போன இரண்டு வயரையும் எடுத்து மூன்று தடவை உரசினேன். நடுவில் பொறி பறந்ததில் பயந்து பிடித்துக்கொண்டே இருந்துவிட்டேன், அதுதான் உங்களுக்கு இழுத்துக் கேட்ட கோடு. நீங்கள் நிறுத்தியதும் உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று புரிந்தது. அதற்குமேல் ஒரு புள்ளிகூட நான் அனுப்பவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

தந்தியாபீஸ் கவுண்டரில் இருந்தவர் இந்தச் சேதி உங்களுக்கு எப்படி வந்தது, ஆம்பிளை யாரும் வரவில்லையா என்று விசாரித்துக்கொண்டே பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமி முன்னால் போய் நின்றார்கள். "எம் மகன் சேத்துல கெடக்கான். நீங்க தந்தி அடிக்கிறீகளா, இல்லே எம் மருமகளை உள்ள விடுறீகளா? அவளுக்கும் அடிக்கத் தெரியும்" என்றார்கள். அவர் பாரத்தைத் திருப்புவதை விட்டுவிட்டு அடித்தார்.

நான் செய்தது குற்றம். சட்டப் புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். லைசென்ஸ் இல்லாத கை, உங்கள் பெட்டியில். டில்லிக்குத் தெரிந்தால் உங்கள் லைசென்ஸ் போகலாம், என் பரீட்சையும் அதோடு போகலாம். ஆனால் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். வந்த செய்திகளை நீங்கள் குறித்துவைக்கிற பதிவுப் புத்தகத்தில் எழுதாமல் விட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. எழுதுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் வருத்தப்படவில்லை. மறுபடி அப்படி நடந்தாலும் உரசுவேன்.

நாளைக்கு நோன்பு தொடங்குகிறது. நீங்கள் சொன்னபடி வரவில்லை. அதற்கு மட்டும் இந்தத் தடவை கோபமில்லை.

சுலைகா


ஹூப்ளி,
27-2-1961

சுலைகா,

உன் கடிதத்தைப் பூனாவில் வாங்கினேன். படித்துவிட்டு அன்றைக்கு முழுதும் ஜீப்பில் பதிவுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் சங்கிலிமுத்துவிடம் சொன்னேன். "நீ கழட்டிட்டுப் போன கட்டையோட வேலையத் தங்கச்சி கையாலயே செஞ்சிருச்சு. இனி என்னத்தடா யோசிக்கே?" என்றான்.

யோசித்தது பதிவுப் புத்தகத்தைப் பற்றித்தான். ஒரு வரியை விட்டால் போதும், நீ சொன்னது சரி. ஆனால் என் பதினைந்து வருஷ ரேடியோ வாழ்க்கையில் எனக்கு வந்த செய்திகளிலே பெரிய செய்தி அது. அதையா மறைப்பேன்? எழுதிவிட்டேன். "பிப்ரவரி 8, மாலை 6.40. விருதுநகர், என் சொந்த நிலையம். அனுப்பியவர் என் மனைவி சுலைகா. உயிர் ஆபத்தை ஒட்டி." டில்லிக்கும் அதையே விவரமாக எழுதி, பெட்டியைப் பூட்டாமல் போனது என் தவறு என்றும் சேர்த்து, ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிட்டேன். என்ன வந்தாலும் வரட்டும்.

உன்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்யவில்லை என்று பூனாவிலிருந்து எழுதினேனே, அது பொய். இல்லாமல்தான் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று சீனிவாசகத்துக்கும் எழுதியிருக்கிறேன். கட்டை தனியாகப் பார்சலில் வருகிறது. வந்ததும் பயிற்சிக்குப் பெட்டியில் சேர்க்காமல் தட்டு. உன் நடுக்கோடு ரொம்ப நீளம்.

தாஹிர்


சென்னை, பெரியமேடு,
12-7-1961

மச்சானுக்கு,

இங்கே அக்கா வீட்டில் நலம். மாமி தினமும் கடற்கரைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். கட்ச் சேற்றைவிட இது நல்ல மணலாம்.

டில்லிக் கடிதத்தை நீங்கள் நகல் எடுத்து அனுப்பியது வந்தது. உயிர் ஆபத்து என்பதால் என்மேல் நடவடிக்கை இல்லை, நிலையத்தைப் பூட்டாமல் போன லைசென்ஸ்காரர் மூன்று மாதம் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை, இரண்டாம் தடவை நிம்மதி, மூன்றாம் தடவை கொஞ்சம் சிரிப்பு. மன்னிக்கவும்.

என் லைசென்ஸும் நேற்று வந்துவிட்டது. பரீட்சையன்று அந்த அதிகாரி என் கையைப் பார்த்துவிட்டு, எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். வீட்டில்தான், வெங்காயம் உரித்துக்கொண்டு என்றேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். ரேடியோவில் என்னை யார் என்று சொல்கிற அழைப்பெழுத்து என் பேரில் இருக்கிறது, மச்சான். உங்கள் பேருக்குக் கீழே இல்லை, தனியாக. காகிதத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாலம்மாள் மதினியும் எழுதியிருக்கிறார்கள். சங்கிலிமுத்து அண்ணன் குஜராத் ஆர்டரில் தாயில்பட்டியில் ராப்பகல் வேலையாம். உப்பில் விட்ட அந்த வாணத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்களாம். கம்பெனி வாசலில் சோதனை மட்டும் முன்னைவிடக் கடுமையாம். ஜீப்பில் இப்போது பின்சீட்டை விட்டுத் தள்ளி, முன்பக்கத் தகரப் பெட்டியில் ஒரே ஒரு தீப்பெட்டி பூட்டிக் கிடக்கிறதாம்.

நாளை, பதின்மூன்றாம் தேதி, மாலை ஆறு மணிக்கு சீனிவாசகம் ஐயா வீட்டில் அவர் பெட்டி முன்னால் உட்காரச் சொல்லியிருக்கிறார். கட்டையை என் பையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கடிதம் காலைத் தபாலில் உங்கள் கைக்குக் கிடைத்துவிடும். முதல் கூப்பாடு விருதுநகருக்குத்தான். ஆறு மணிக்கு மில் மோட்டாரை நிறுத்தச் சொல்லி மில்காரரிடம் இப்போதே போய்க் கேளுங்கள்.

நான் கூப்பிடுவேன். யாராவது கேட்கிறீர்களா என்று கேட்பேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் பதில் சொல்ல உங்களுக்கு இன்னும் இரண்டரை மாதம் உரிமை இல்லை. கட்டையும் என்னிடம் இருக்கிறது. மேசைமேல் அந்த இரண்டு வயரும்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

கை துறுதுறுக்கும். தொட்டுவிடாதீர்கள், மச்சான்.

சுலைகா